பதினோரு சென்டிமீட்டர்

மாலைக் கல்லூரியில் கட்டடக்கலை படிக்கும் எங்களுக்கு இரண்டாம் ஆண்டு முடிவில் ஒரு விதி உண்டு. ஏதாவது ஓர் அலுவலகத்தில் பத்து முழு நாட்கள் வேலை பார்க்க வேண்டும். அங்கே நமக்கென்று ஒதுக்கப்பட்ட வழிகாட்டி, பத்தாம் நாள் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் மூன்றாம் ஆண்டு கிடையாது.

பகலில் நான் ஒரு டைல்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். முதலாளி விடுப்புக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார். "இந்த ஒரு தடவைதான். அடுத்த வருஷமும் வந்து தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நின்னா, ஒரேயடியா வீட்ல உக்கார வெச்சிடுவேன்." ஆக எனக்கு இருந்தது ஒரே ஒரு பத்து நாள், ஒரே ஒரு கையெழுத்து.

நடந்ததை நடந்த வரிசையில் எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் தெளியும் என்பது என் நம்பிக்கை. இந்த முறை தெளியுமா என்று தெரியவில்லை.

படிவத்தில் வழிகாட்டி என்று போட்டிருந்தது அலுவலக உரிமையாளரின் பெயர். நான் உள்ளே போனபோது அவர் பெட்டியோடு வெளியே வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், பக்கத்து மேசையைப் பார்த்துச் சொன்னார்: "இந்தப் பொண்ணைக் கொஞ்சம் பாத்துக்கோ. எல்லாம் நீயே பண்ணிடு." அந்த மேசையில் இருந்தவர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "சரி சார்" என்றார். இவ்வளவுதான் என்னைக் கைமாற்றிய சடங்கு. அதன்பின் உரிமையாளரை நான் பார்க்கவில்லை.

அந்த மேசைக்காரரை அலுவலகத்தில் எல்லோரும் 'சீனியர்' என்றார்கள். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். "மேடம்னு கூப்பிட்டா எனக்கு நரைச்சிடும், அக்கான்னே கூப்பிடு" என்றார். முதல் மூன்று நாட்களில் அவர் என்னிடம் பேசியது மொத்தம் பதினான்கு வாக்கியம். குறிப்பேட்டில் எண்ணி வைத்திருக்கிறேன். அதில் ஒன்பது, "அப்புறம் பாக்கலாம்."

என் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருந்த வரைவாளரின் பட்டப்பெயர் காம்பஸ். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு மறுகாலால் நாற்காலியைச் சுற்றிக்கொண்டே இருப்பதால் அந்தப் பெயர். "இங்க யாரும் சொல்லித் தர மாட்டாங்க. பக்கத்துல நின்னு ஒட்டிக்கிட்டது உனக்கு, ஒட்டாதது காத்துக்கு" என்றார் அவர். எனக்கு என்ன ஒட்டியது என்று தினமும் மாலை எழுதிப் பார்த்தேன். பெரும்பாலும் ஒன்றுமில்லை.

நான்காம் நாள் வேலை வந்தது. ஒரு பழைய வீட்டை மாற்றிக் கட்டப் போகிறார்கள். அதை அளந்து வரைபடம் போட வேண்டும். சீனியர் இழுப்பறையிலிருந்து லேசர் மீட்டரை எடுத்துக் கொடுத்தார். உள்ளங்கை நீளக் கருவி. அதன் அடிப்பக்கத்தை ஒரு சுவரில் ஒட்டி வைத்துப் பொத்தானை அழுத்தினால், எதிர்ச் சுவரில் சிவப்புப் புள்ளி விழும், திரையில் தூரம் வரும். "வெளிப்பக்கத்தை டேப்ல எடு. உள்ள டேப்பே வேண்டாம், தொங்கும். இது பொய் சொல்லாது" என்றார்.

வெளி அளவெடுக்க டேப்பின் மறுமுனையைப் பிடிக்கக் காம்பஸ் வந்தார். பிடித்து முடித்ததும் போய்விட்டார். உள்ளே ஒவ்வோர் அறையையும் இரண்டிரண்டு முறை அளந்தேன். மூலைக்கு மூலையும் எடுத்தேன். சுவர்களின் கனத்தை மட்டும் கதவு நிலையில் சிறு டேப்பை வைத்துப் பார்த்தேன். எல்லாம் இருபத்துமூன்று சென்டிமீட்டர்.

ஐந்தாம் நாள் வரைய உட்கார்ந்தபோது வீட்டின் கோடுகள் ஒன்றோடொன்று சேர மறுத்தன. வெளி அகலம் பத்து மீட்டர் தொண்ணூற்றிரண்டு. உள்ளே மூன்று அறை, நான்கு சுவர். எல்லாவற்றையும் கூட்டினால் முப்பத்துமூன்று சென்டிமீட்டர் குறைந்தது. சுவர்களைத் தடிமனாக்கினால்தான் பொருந்தும். ஆக்கினேன்.

சீனியர் என் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னடி இது, வீடா கோட்டையா? பீரங்கி எங்க வெக்கப் போற?"

"அளவு அப்படித்தான் வருது அக்கா."

"அளவு வராது. நாமதான் எடுக்கணும். போய் ஒழுங்கா எடுத்துட்டு வா."

ஆறாம் நாள் ஒழுங்காக எடுத்தேன். மில்லிமீட்டர் மாறாமல் அதே எண்கள் வந்தன. எனக்குத் தூக்கம் போயிற்று. இரண்டு வருடம் படித்தும் ஒரு வீட்டை அளக்கத் தெரியாத நான், நாளைக்கு யாருக்கு வீடு கட்டிக் கொடுப்பேன்? வீட்டில் அண்ணி என் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீ அளக்குறப்ப மூச்சைப் பிடிச்சுக்கிட்டியா? வீடும் சேர்ந்து பிடிச்சிருக்கும்" என்றாள். சிரிப்பு வரவில்லை.

ஏழாம் நாள் மறுபடி போனேன். நடு அறையின் தரையைப் பார்த்ததும் முழங்காலிட்டு டைல்களை எண்ணினேன். எங்கள் கடையில் விற்கும் அதே அறுபது சென்டிமீட்டர் டைல். ஆறு, வெட்டாமல் முழுசாக. இடைவெளியும் சேர்த்தால் மூன்று அறுபத்தொன்று. என் கையில் இருந்த எண் மூன்று ஐம்பது.

வீட்டுக்கார அம்மாள் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "என்னம்மா, தோடு கீடு தொலைச்சுட்டியா?"

"முப்பத்துமூணு சென்டிமீட்டரைம்மா."

"கிடைச்சா அலமாரி மேல வெச்சிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

டைல் தப்பா, லேசர் தப்பா, நான் தப்பா? மூன்றில் என்னைத்தான் முதலில் சந்தேகித்தேன். எட்டாம் நாள் முழுதும் அதிலேயே போனது. ஒன்பதாம் நாள் மாலைதான் கண்ணில் பட்டது: குறுக்கே மூன்று அறை, முப்பத்துமூன்று குறைவு, நெடுக்கே இரண்டு அறை, இருபத்திரண்டு குறைவு. அறைக்குப் பதினொன்று. லேசர் மீட்டரின் மேல் அளவுகோலை வைத்தேன். அதன் நீளம் சரியாகப் பதினொன்று.

திரையின் மூலையில் ஒரு சின்ன அம்புக்குறி இருந்தது. அது கருவியின் முன்முனையைக் காட்டிக்கொண்டிருந்தது. அதாவது, கருவி தன் மூக்கிலிருந்து அளந்துகொண்டிருந்தது. நானோ அதன் முதுகைச் சுவரில் சாத்தி வைத்திருந்தேன். அதன் உடம்பு நீளம் ஒவ்வொரு முறையும் கணக்கில் விடுபட்டுப் போயிருந்தது. பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினேன். அம்பு பின்னால் போனது. அவ்வளவுதான்.

பத்தாம் நாள் காலை காம்பஸ் என்னைப் பார்த்ததும், "என்ன, மூஞ்சில இருநூறு வாட்ஸ் எரியுது?" என்றார். சொன்னேன். கைதட்டிச் சிரித்து நாற்காலியில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார். அடுத்த சுற்றின் பாதியில் காலை ஊன்றி நின்றார்.

"நீ வர்றதுக்கு முன்னாடி அந்த மெஷினை யாரு கடைசியா எடுத்துட்டுப் போனான்னு தெரியுமா?" என்று குரலைத் தாழ்த்தினார். "சீனியர். பல் டாக்டர் கிளினிக்குக்கு, மாடிப்படி அளவு எடுக்க. ட்ராயிங் பட்டறைக்குப் போயாச்சு. இன்னைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்குப் படிக்கு இரும்பு வெட்டுறாங்க."

அந்த வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். மூலையில் அளவெடுத்த தேதி இருந்தது. தரையிலிருந்து மேல்தளம் இரண்டு எழுபத்திரண்டு. பதினேழு சென்டிமீட்டரில் பதினாறு படி. உயரமும் பதினொன்று குறைவாக இருந்தால் கடைசிப் படி மட்டும் இருபத்தெட்டு ஆகிவிடும். பாதி முகம் மரத்துப்போய்க் கீழே இறங்குகிற ஒரு நோயாளியின் முதல் அடி அதில்தான் விழும்.

"நான் சொல்றதைக் கேளு" என்றார் காம்பஸ். "அஞ்சு மணிக்குக் கையெழுத்து. வாங்கிப் பையில வை. அப்புறமா போன் பண்ணிச் சொல்லிக்கோ."

"ரெண்டு மணிக்கு வெட்டிடுவாங்களே."

"வெட்டட்டும். இரும்பை ஒட்டலாம். உன் வருஷத்தை ஒட்ட முடியுமா?"

அவர் சொன்னதில் தவறு தெரியவில்லை. நான் நினைத்ததிலும் தெரியவில்லை. பதினொன்றே கால் வரை குறிப்பேட்டில் இரண்டையும் எதிரெதிரே எழுதிப் பார்த்தேன். ஒருவேளை நான்தான் நான்காம் நாள் அந்தப் பொத்தானை அழுத்தித் தொலைத்தேனோ? அப்படியானால் படி சரி, நான் மட்டும் தப்பு. அதுவும் சாத்தியம்தான். எழுந்து சீனியரின் மேசைக்குப் போனபோதுகூட எதைச் சொல்லப் போகிறேன் என்று தெரியாது. வாய் பாட்டுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது, கிளினிக் உட்பட.

சீனியர் லேசரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "டேப்பை எடு" என்றார்.

அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போனேன். கிளினிக்கில் சுவரெல்லாம் சுண்ணாம்பு வாடை. டேப்பின் நுனியைச் சீனியர் தரையில் மண்டியிட்டுப் பிடித்தார்; நான் ஏணியில் ஏறி மேலே படித்தேன்.

"டேப்பை முறுக்காத. நேரா விடு. கண்ணு எண்ணுக்கு நேரா இருக்கணும், சாய்ஞ்சு பாத்தா அஞ்சு மில்லி திருடிக்கும். ம், இப்ப சொல்லு."

"ரெண்டு எண்பத்திமூணு அக்கா."

"இன்னொரு மூலையில."

"அதே."

பத்து நாளில் அவர் என் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தது அந்தக் கால் மணி நேரம்தான். டேப்பை எப்படிப் பிடிப்பது, பூச்சு இன்னும் ஏறாத தளத்துக்கு எவ்வளவு கூட்டுவது, ஏன் எந்த அளவையும் ஒரே கருவியில் நம்பக் கூடாது என்று வரிசையாகச் சொன்னார். எல்லாம் ஒட்டியது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிறகு அவர் பட்டறைக்காரருக்குப் போன் போட்டார்.

"அண்ணே, வெட்டிட்டீங்களா? இல்லல்ல, நிறுத்துங்க. எங்க ட்ரெயினி பொண்ணு அளவுல ஒரு சின்னத் தப்புப் பண்ணிட்டா. புதுப் பொண்ணு அண்ணே, விடுங்க. சாயங்காலம் வேற ட்ராயிங் அனுப்புறேன்."

நான் ஏணியின் மூன்றாவது படியில் நின்றிருந்தேன். இறங்க வேண்டுமா, அங்கேயே நிற்க வேண்டுமா என்று தோன்றவில்லை.

அவர் போனைப் பைக்குள் போட்டார். "என் மேல போட்டுக்கிட்டா அவரு அடுத்த வேலைக்கு யோசிப்பாரு. உன்னை அவருக்குத் தெரியாது. நாளைக்கே மறந்துடுவாரு. புரியுதா?"

"புரியுது அக்கா" என்றேன். புரியவில்லை.

"ரெண்டு வருஷமா என் ட்ராயிங்ல எவனும் தப்புக் கண்டுபிடிச்சதில்ல" என்றார் திரும்பும் வழியில். அது கோபமா பாராட்டா என்று குரலில் தேடினேன். ஸ்கூட்டர் சத்தம்தான் கேட்டது.

ஐந்து மணிக்குக் கேட்காமலேயே படிவத்தை வாங்கி நிரப்பினார். நேரம் தவறாமை, ஒழுக்கம், ஆர்வம் எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண். குறிப்பு என்ற இடத்தில், "கருவிகளைக் கையாள்வதில் கூடுதல் கவனம் தேவை" என்று எழுதினார். அதற்குக் கீழே, "இந்த மாணவியை அடுத்த ஆண்டும் எங்களிடமே அனுப்பவும்." கையெழுத்து. தேதி. மையை ஊதிக் காய வைத்துக் கொடுத்துவிட்டு, "டேப்பை நீயே வெச்சுக்கோ" என்றார்.

வீட்டில் அண்ணி படிவத்தை இரண்டு முறை படித்தாள். "மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம். இங்க உடைச்சதும் மாமியார்தான், பழியும் உனக்கா? போய்க் கேக்க வேண்டியதுதானே."

"கேட்டா கையெழுத்தை வாபஸ் வாங்கிட்டா?"

"அப்ப அவ நல்லவளா கெட்டவளா?"

"டேப் குடுத்தாங்க அண்ணி."

"நல்லாயிருக்கு போ" என்று அவள் விளக்கை அணைத்துவிட்டாள்.

மறுநாள் மாலை வகுப்புக்கு முன் ஆசிரியரிடம் படிவத்தை நீட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார். "அடுத்த வருஷமும் கூப்பிடுறாங்க, பரவாயில்லையே. ஆனா இந்தக் கருவி விஷயம் என்ன? என்ன பண்ணித் தொலைச்ச? இது உன் கோப்புல படிப்பு முடியிற வரைக்கும் இருக்கும், தெரியும்ல?"

"தெரியும் சார்."

"கீழ மாணவர் கருத்துன்னு ஒரு கட்டம் இருக்கு. ஏதாவது சொல்லணும்னா அதுல எழுது. சீக்கிரம், மணி அடிக்கப் போகுது."

பேனாவைத் திறந்தேன். தவறு என்னுடையது அல்ல என்று எழுதலாம். அப்போது, கடை முதலாளி விடுப்புக் கொடுத்தாலும்கூட, அடுத்த ஆண்டு அங்கே என் நாற்காலி இருக்காது. ஒன்றும் எழுதாமல் விடலாம்; அப்போது அந்தத் தவறு என்னுடையதாகிவிடும். ஏணியில் நின்று எண்ணைப் படித்தபோது கீழே மண்டியிட்டிருந்தவரை நினைத்தேன். அதே ஆள்தான் போனில் பேசியதும். இரண்டையும் ஒரே வரியில் எழுத எனக்குத் தமிழ் போதவில்லை.

கடைசியில் கிளினிக் மாடிப்படி அளவெடுத்த தேதியை எழுதினேன். அதற்கு நேர் கீழே, நான் வேலையில் சேர்ந்த தேதியை எழுதினேன். முதல் தேதி, நான் சேர்வதற்குப் பன்னிரண்டு நாள் முந்தியது. வேறொரு சொல் சேர்க்கவில்லை.

ஆசிரியர் அதைப் பார்த்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "இது என்னம்மா?"

"தேதி சார்."

"அது தெரியுது. என்ன தேதி?"

மணி அடித்தது. நான் பேனாவை மூடினேன். பிறகு அவர் முத்திரையை எடுத்து, அந்த இரண்டு தேதிகளின் மேல் படாமல் கொஞ்சம் தள்ளிக் குத்தினார்.