நிரப்பாத தாளில் ஒரு வாடகை ஒப்பந்தம்

வாசிக்கும் தோழர்களே, இந்த வீட்டுக் கூடத்துக்கு வந்து ஒரு கணம் நில்லுங்கள். மேசைமேல் ஆறு தாள்கள். அவற்றில் பாதிக் கோடுகள் வெறுமையாய்க் கிடக்கின்றன. அந்த வெறுமைக்குக் கீழே கையெழுத்துப் போடு என்று ஒரு செவிலியிடம் பேனாவை நீட்டுகிறார்கள். பட்டப்பகலில் நடக்கும் இந்த அநீதிக்கு நாகரிகமான ஒரு பெயர் உண்டு: வாடகை ஒப்பந்தம்.

வீட்டுக்காரர் லேத் பட்டறையில் இருபத்தெட்டு ஆண்டுகள் இரும்பைக் கடைந்தவர். மாடியில் எழுப்பிய இரண்டறை வீட்டின் சன்னல் கம்பிகளைக்கூடத் தம் கையாலேயே அறுத்துப் பொருத்தினார். அதை முன்பின் தெரியாதவரிடம் ஒப்படைக்கிறோமே என்ற அச்சம் அவரைப் பிடித்து ஆட்டியது. அதற்குத் தரகர் சொன்ன மருந்துதான் இந்த வெற்றுக் கோடுகள். காலி செய்ய எத்தனை அவகாசம், பழுது பார்ப்பது யார், வீட்டுக்குள் எப்போது நுழையலாம், எதையும் நிரப்பாமல் கையெழுத்தை வாங்கிவிட வேண்டும்; பிறகு வேண்டியதை எழுதிக்கொள்ளலாம்.

“போடுங்கம்மா. வழக்கமா எல்லாரும் போடறதுதான்,” என்றார் தரகர்.

“எழுதிட்டுக் குடுங்க, போடறேன்,” என்றார் செவிலி.

“நீங்க என்ன ஜட்ஜா? ஞாயித்துக்கிழமைக்குள்ள குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும்னு சொன்னீங்களே, மறந்துடுச்சா?”

மறக்கவில்லை. மருத்துவமனைக் குடியிருப்பை இடிக்கப் போகிறார்கள். இரண்டு பெண்பிள்ளைகளோடு போய்ச் சேர வேறு கூரை இல்லை. ஆயினும் செவிலி பேனாவை மூடி வைத்தார்.

“மருந்துப் பேரு எழுதாத சீட்டைப் பாத்து நான் யாருக்கும் ஊசி போட்டதில்ல சார். இதுவும் அப்படித்தான். நான் வரேன்.”

அவர் எழுந்ததும் வீட்டுக்காரர் முகம் கொடுக்காமல் தாள்களை அடுக்கினார். அதுவரை உள்ளறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி வாய் திறந்தார்.

“ஏங்க, அளவு போடாத டிராயிங்கைக் குடுத்தாருன்னு முதலாளி சட்டைப் பையிலயே அதை மடிச்சுச் சொருகிட்டு வந்தீங்களே. மூணு மாசம் அந்தக் கதையைச் சொல்லி என் காதைத் தின்னீங்க. இப்ப இங்க என்ன வேலை நடக்குது?”

அளவில்லாத வரைபடத்தை நம்பிக் கடைந்தால் பிழை கடைந்தவன் தலையில் விழும். அதை மறுத்து நிமிர்ந்து நின்ற கைதான் இன்று அதே பழியை ஒரு பெண்ணின் தலையில் ஏற்றப் பார்த்தது. வீட்டுக்காரருக்குச் சுருக்கென்றது.

“உக்காருங்கம்மா,” என்றார். “எழுதிடுவோம்.”

ஒரு மணி நேரம் வாதாடினார்கள். காலி செய்ய ஒரு மாத அவகாசம் என்றார் வீட்டுக்காரர். பள்ளி நடக்கும்போது பிள்ளைகளை எங்கே இழுத்துக்கொண்டு ஓடுவது, இரண்டு மாதம் வேண்டும் என்றார் செவிலி. இரண்டு என்றே எழுதப்பட்டது. கேட்காமல் சுவரில் துளை போடக் கூடாது என்றார் வீட்டுக்காரர்; செவிலி ஒப்புக்கொண்டார். மோட்டார் பழுது வீட்டுக்காரர் பொறுப்பு, உடைந்த கண்ணாடி உடைத்தவர் பொறுப்பு. முந்தின நாளே சொல்லாமல் வீட்டுக்காரர் மாடி ஏறுவதில்லை என்ற வரியில் மட்டும் அவர் கை சற்றுத் தயங்கியது. பிறகு அதையும் எழுதியது.

“இப்படி எல்லாரும் உக்காந்து பேசிட்டா எங்க பொழப்பு என்ன ஆகறது?” என்று முனகினார் தரகர்.

“வீட்டைக் காட்டுங்க. அதுதானே உங்க வேலை?” என்றார் மனைவி.

ஒப்பந்தத்தின் இரண்டு பிரதிகளிலும் இருவரும் கையெழுத்திட்டார்கள். ஒன்றைச் செவிலியிடம் கொடுத்தபோது வீட்டுக்காரரின் நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

“இது எனக்கும் காவல்தாம்மா. வெத்துத் தாளை வெச்சிருந்தா நீங்க என்னைப் பாத்துப் பயப்படுவீங்க, நான் என் வீட்டை நினைச்சுப் பயப்படுவேன். ரெண்டு பேரும் பேசி எழுதினாதான் ஒப்பந்தம். எழுதாம வாங்கினா அது மிரட்டல்.”

வீட்டை வாடகைக்கு விட்டிருப்போரே, உங்கள் அலமாரியிலும் அப்படியொரு மிரட்டல் மடித்து வைக்கப்பட்டிருக்கிறதா? இன்றே எடுங்கள். குடியிருப்பவரை எதிரே அமர்த்தி, ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்து நிரப்புங்கள். ஒரு பிரதியை அவர் கையில் கொடுங்கள். குடியேறுவோரே, எழுதாத வரிக்குக் கீழே உங்கள் பெயரை எழுத மறுத்துவிடுங்கள்.