உமிக்கடியில் கிடந்த தீனி

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு எலியம்மா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. சர்க்கரை நோய் வரவழைத்த எலிகளுக்குக் காலையும் மாலையும் பச்சிலைச் சாறு புகட்டிப் புகட்டி, அவள் மேலேயே அந்தக் கசப்பு வாடை ஏறிவிட்டது. அலுப்பு என்றால் அப்படியொரு அலுப்பு. போன மாதம்தான் ஒரு நல்லது நடந்தது. சாறு குடித்த எலிகளுக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது. வெறும் தண்ணீர் குடித்தவற்றுக்கு அப்படியே நின்றது. சந்தோஷம் தாளாமல் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அம்மாவுக்கும் சர்க்கரை. மறுநாளே மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு, வேலியில் படர்ந்திருந்த அதே இலையை அரைத்துக் குடிக்க ஆரம்பித்தாள். "என் மக கண்டுபிடிச்ச மருந்து" என்று அக்கம்பக்கத்தில் தம்பட்டம் வேறு. எலியம்மா கத்திப் பார்த்தாள்.

"எனக்கு இறங்கிடுச்சுடி. நீ போய் உன் வேலையைப் பாரு" என்றாள் அம்மா. கேட்க நன்றாக இருந்ததால் இவளும் விட்டுவிட்டாள்.

இன்று காலை மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். அதற்கு முன் இரவெல்லாம் எலிகள் பட்டினி கிடக்க வேண்டும் என்று தீனித் தட்டுகளை நேற்று மாலையே எடுத்தாயிற்று. தண்ணீர் குடித்த கூட்டத்தின் கூண்டைத் திறந்தாள். உள்ளே ஒன்று, படுக்கையாகப் பரப்பியிருந்த உமியைக் கிளறி எதையோ இரு கையாலும் பிடித்துக் கொறித்துக்கொண்டிருந்தது. தீனித் துண்டு! கையை விட்டுத் துழாவினாள். அடியில் இன்னும் கிடந்தன.

சாறு குடித்தவற்றுக்கு வயிறு இளகிப் போகும். அதனால் அவற்றின் உமியைத் தினமும் மாற்றுவாள். ஒளித்துவைத்த தீனியும் அதோடு போய்விடும். மற்றவற்றுக்கு வாரம் ஒருமுறைதான். ஆக, சாறு குடித்தவை நிஜமாகவே பட்டினி, தண்ணீர் குடித்தவற்றுக்கு ராத்திரியெல்லாம் விருந்து. சர்க்கரையை இறக்கியது இலையா பட்டினியா, யார் கண்டது? மலையைக் கல்லி எலியைப் பிடித்த கதை என்பார்கள். இவள் எலியைப் பிடித்து மலையைத் தலையில் போட்டுக்கொண்டாள்.

உடனே போன் போட்டாள். "அம்மா, அந்த இலையை நிறுத்து. இப்பவே மாத்திரை போடு."

"ஏன்டி?"

"என் சோதனை தப்பும்மா. எலிங்க ஒளிச்சு வச்சுத் தின்னிருக்குங்க. அதை மருந்துன்னே சொல்ல முடியாது."

"அப்போ எனக்கு ஏறினது என் தப்பு இல்லையா?"

"ஏறிச்சா? இறங்கிடுச்சுன்னு சொன்னே?"

"எலிக்கெல்லாம் இறங்குது, எனக்கு மட்டும் ஏறுதுன்னு எப்படிடி சொல்றது? உன் மருந்துக்குக் கெட்ட பேரு வந்துடாதா?" அம்மாவின் குரல் தாழ்ந்தது. "கால்ல ஒரு புண்ணு. ஆறவே மாட்டேங்குது."

"கிளம்பி இரு. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்றாள்.

பிறகு, உண்மையாகவே பட்டினி கிடந்தவற்றுக்குத் தீனித் தட்டை வைத்துவிட்டு, உமி ஒட்டிய கையோடு ஓடினாள்.