அளவு ஜாக்கெட்

"மூச்ச உள்ள இழுடி... இன்னும் இழு... வுடாத!"

பாஞ்சாலி இரண்டு கையாலும் மகளின் ஜாக்கெட்டை முன்பக்கம் சேர்த்துப் பிடித்தாள். கடைசி ஊக்கு எப்படியோ மாட்டிக்கொண்டது. தென்றல் மூச்சை விட்டாள். அவ்வளவுதான். ஊக்கு தெறித்துப் பறந்து பீரோ கண்ணாடியில் 'ணங்' என்று மோதியது.

வெளியே பந்தலில் வடக்குப்பட்டு ஊரில் பாதி உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் தட்டில் வைத்துக் கொடுத்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு பெண் வந்து நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தட்டு மாற்றி நிச்சயம் செய்வார்கள். புடவையில் சிக்கல் இல்லை. கூடவே வந்த ஜாக்கெட்தான் உயிரை எடுத்தது.

"அளவு ஜாக்கெட் குடுத்தேனே! அத வெச்சிக்கினு தெச்சாத்தான் இன்னாவாம்?" என்று பாஞ்சாலி பல்லைக் கடித்தாள்.

அந்த அளவு ஜாக்கெட்டை மாப்பிள்ளையின் அம்மா சுந்தராம்பாள் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தது தென்றலுக்கு மறக்கவில்லை. "இது ஜாக்கெட்டா, ஷாமியானாவா?" என்று சிரித்து அங்கேயே திருப்பிப் போட்டாள். "எங்க கங்கா வெளம்பரத்துல போட்டாளே, அதையே எடுத்தாறேன். அது ஏறினா தட்டு மாத்தலாம். ஏறலன்னா அப்புறம் பாத்துக்கலாம், இன்னா அவசரம்?" மாப்பிள்ளை எழிலரசனும் கூடச் சிரித்தான். சிரித்துச் சொன்னாலும் அது வேடிக்கைப் பேச்சில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

கங்கா, எழிலரசனின் தங்கை. ஒரகடம் கூட்டு ரோட்டில் ஜவுளிக்கடை விளம்பரப் பலகையில் இருபதடி உயரத்துக்கு நிற்பவள் அவள்தான். அரக்கு நிறப் பட்டு, ஒரு பிடிக்குள் அடங்கும் இடுப்பு. தென்றல் வேலைக்குப் போகும் கம்பெனி பஸ் ஷிப்டுக்கு ஷிப்டு அந்தப் பலகையைத் தாண்டித்தான் போகும். "தென்றலு, உன் நாத்தனார் மேல காத்தடிச்சா ஒடிஞ்சிடப் போறாடி!" என்று பஸ்ஸே கெக்கலி கொட்டும். தென்றலும் சிரிப்பாள். அன்றைக்கு கேன்டீனில் சோற்றுத் தட்டை அப்படியே திருப்பி வைப்பாள். வெள்ளரிக்காயும் வெந்நீருமாக ஓட்டியதில், போன வாரம் அசெம்பிளி லைனில் நின்றபடியே கண் இருட்டிச் சரிந்தாள். சூப்பர்வைசர் தூக்கி உட்கார வைத்து, "டயட்டா? லைன் நின்னா யாரும்மா பதில் சொல்றது?" என்று எரிந்து விழுந்தார்.

அத்தனையும் பட்டு, இன்னும் இரண்டு விரற்கடை இடைவெளி மிச்சம்.

"யம்மா, வேணாம்னு சொல்லிடலாம்மா."

"வாய மூடு! இப்ப நின்னுபோனா ஊரு இன்னா பேசும்? மாப்ள வூட்டு மேல தப்புன்னா பேசும்? குண்டுப் பொண்ணுன்னு வுட்டுட்டுப் பூட்டாங்கன்னு பேசும். அப்பால எவன் வருவான்? உங்கப்பன் பந்தல்ல நின்னுகினு எல்லாரையும் கையெடுத்துக் கும்பிட்டுகினுகீறாரு. அவரு தலையில மண்ண போடாத."

தென்றல் ஜன்னலைப் பார்த்தாள். கம்பி. கதவைப் பார்த்தாள். அதற்கு அந்தப்பக்கம் இருநூறு கண்கள். நடுவில் அவள், மூச்சுவிட இடம் தராத ஒரு பட்டுத் துணிக்குள்.

கதவு தட்டப்பட்டது. கங்கா உள்ளே வந்தாள்.

"அத்தே, உங்கள அம்மா கூப்புடுறாங்க. அண்ணிக்கு நான் கட்டி வுடறேன்."

பாஞ்சாலி போனதும் கங்கா தாழ்ப்பாள் போட்டாள். கிட்டத்தில் பார்த்தபோது தென்றலுக்குத் திக்கென்றது. பலகையில் பளபளத்த கன்னம் இங்கே குழி விழுந்து கிடந்தது. வளையல்கள் முழங்கைவரை சறுக்கி ஓடின.

ஜாக்கெட்டைச் சோதிக்க வந்திருக்கிறாள் என்று தென்றல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் கங்காவின் கண் ஜாக்கெட்டில் இல்லை. மூலையில் வரிசைத் தட்டுகளில் அடுக்கியிருந்த லட்டின் மேல் இருந்தது. பாய்ந்து ஒன்றை எடுத்து வாயில் திணித்தாள். மெல்லக்கூட இல்லை. அடுத்தது.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க அண்ணி. என்ன பொண்ணு பாக்க வரவங்கல்லாம் போட்டோவுல கீற மாரி இல்லியேன்னு கேக்கறாங்களாம். ராத்திரி சாப்பாடே கெடையாது எனக்கு."

"அந்தப் போட்டோவே நீதானே?"

கங்கா ஒரு லட்டை எடுத்துத் தென்றலின் கையில் வைத்தாள். "நீங்களும் துன்னுங்க. அந்த ஜாக்கெட்ட மட்டும் போடாதீங்க."

தென்றல் அதைக் கழற்றினாள். விலாவில் சிவப்பாய்த் தடம். உள்பக்கம் புரட்டியபோது முதுகின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு தையல் தட்டுப்பட்டது. வேறு நிற நூல். அந்த இடத்தில் எந்த ஜாக்கெட்டுக்கும் தையல் வராதே! "இன்னா கங்கா இது?" என்று நிமிர்வதற்குள் கதவு அதிர்ந்தது.

"கங்கா! ஏறிச்சா, இல்லியா?" சுந்தராம்பாளின் குரல்.

தென்றல் லட்டை முழுசாகத் தின்றாள். பீரோவைத் திறந்து தன் அளவு ஜாக்கெட்டை எடுத்து மாட்டினாள். ஊக்குகள் ஒவ்வொன்றாக, சுலபமாக விழுந்தன. அதன் மேலேயே நிச்சயப் பட்டைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

பந்தலில் பாஞ்சாலி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாம்மா இது?" சுந்தராம்பாள் எல்லோருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தாள். "என் பொண்ணுக்கு அளவா இருந்த ஜாக்கெட்டு உனக்கு ஏறலியா? எழிலு, எழுந்திருடா. அப்புறம் பாத்துக்கலாம்."

எழிலரசன் எழுந்தே விட்டான். தென்றல் நகரவில்லை.

"ஏறல. ஏறாது. நான் இந்த அளவுதான்."

"எனக்கும் ஏறலம்மா."

எல்லாத் தலையும் திரும்பியது. கதவோரம் கங்கா நின்றாள். கையில் அந்த ஜாக்கெட். உதட்டில் லட்டுத் துணுக்கு.

"போட்டோ புடிச்ச அன்னிக்கே ஏறல. முதுகுல நெடுக்கக் கத்திரிச்சி, கிளிப்பு மாட்டி நிக்க வெச்சாங்க. இடுப்ப கம்ப்யூட்டர்ல கொறச்சாங்க. அப்பால இத தெச்சி மூடியாச்சு. அந்த இடுப்பு யாருக்குமே கெடையாது."

"பொய்! பசி மயக்கத்துல ஒளர்றா!" என்று சுந்தராம்பாள் கத்தினாள்.

கங்கா ஜாக்கெட்டை உள்பக்கம் புரட்டி, முதுகுத் தையலை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"கத்திரிக்கோல வாங்கி கத்திரிச்சதே நீதானம்மா."