முனியப்பன் ஏத்தத்தில் ஒரு டெலிவிஷன்

கிருஷ்ணகிரியில் பெங்களூர் ரோட்டோரமாக சைக்கிள் கடை வைத்திருந்த திம்மராயனுக்குப் பெற்றவர்கள் நல்ல பெயராகத்தான் வைத்தார்கள். ஊர் விடுமா? "பஞ்சர் திம்மராயன்" என்று கேட்டால் பர்கூரிலிருந்தே கை காட்டி அனுப்புவார்கள். வெறும் திம்மராயன் என்றால் பக்கத்து டீக்கடைக்காரரே "யாரு, எந்த ஊரு?" என்பார். மனுஷன் டயர் விற்றுப் பார்த்தார், என்ஜின் ஆயில் விற்றுப் பார்த்தார், கடை வாசலில் ஆளுயரக் கண்ணாடி மாட்டிப் பார்த்தார். ஒட்டின பெயர் ஒட்டினதுதான். ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஆவணியில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. உறையின் மேல் "திருவாளர் பஞ்சர் திம்மராயன் அவர்கள்" என்று மைப்பேனாவில் எழுதியிருந்தது. திருவாளரும் போட்டு, அவர்களும் போட்டு, நடுவில் பஞ்சரையும் போட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? அன்றைக்கு மத்தியானம் அவர் சாப்பிட உட்காரவில்லை.

"பஞ்சர்காரரே, களி ஆறுது," என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள் அவர் பெண்சாதி மங்கம்மா.

"நீயுமாடி?"

"ஊரே கூப்பிடுது, நான் மட்டும் சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்?"

அவளுக்கு எப்போதும் விளையாட்டுதான். ஆனால் அவருக்கு நெஞ்சில் தைத்துவிட்டது. சாவதற்குள் தன் பெயருக்கு முன்னால் வேறு ஏதாவது ஒரு வார்த்தை வரவேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. கலெக்டர், தாசில்தார் என்று பெரிதாக ஒன்றும் ஆசைப்படவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் மெட்ராஸிலிருந்து கார் கம்பெனி ஆபீசர் வெங்கடசாமி வந்து சேர்ந்தார். கம்பெனி புதுசாக ஒரு கார் கொண்டுவரப் போகிறது, பெயர் 'கருடா', வேகமென்றால் அப்படியொரு வேகம், கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரைக்கும் ஒரு ஏஜெண்ட் வேண்டும் என்றார். ஏஜெண்ட்! திம்மராயன் கையிலிருந்த டியூபைக் கீழே போட்டுவிட்டார். 'ஏஜெண்ட் திம்மராயன்.' சொல்லிப் பாருங்கள், எப்படி இருக்கிறது!

ஆனால் சேலத்துக்காரர் ஒருவரும் அதே ஏஜென்சிக்கு நின்றார். பெரிய கை. அதைவிட வில்லங்கம், கம்பெனி முதலாளிக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. டெல்லியில் அப்போதுதான் டெலிவிஷன் என்று ஒன்றை ஆரம்பித்திருந்தார்கள். நாளைக்கு அது வீட்டுக்கு வீடு வரும், அதில்தான் கார் விற்கப் போகிறோம், அதனால் ஏஜெண்ட் ஆக வருகிறவன் டெலிவிஷனில் கருடாவுக்கு எப்படி விளம்பரம் வைப்பான் என்று யோசித்துக் காட்டட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். சேலத்துக்காரர் ஓவியர் வைத்துப் பெரிய பெரிய படமாக வரைந்துகொண்டிருந்தார்.

"சார், அந்த டெலிவிஷன்னா எப்படிங்க இருக்கும்?" என்று கேட்டார் திம்மராயன்.

உள்ளதைச் சொன்னால் ஆபீசரும் அதைப் பார்த்ததில்லை. அதைக் காட்டிக்கொள்வாரா? தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு பெட்டி. அதுக்கு நாலு பக்கமும் சட்டம். ரெண்டு திருகு இருக்கும். திருகினா உள்ளே ஆள் நடமாடுவாங்க. சினிமா மாதிரி என்னைக்கோ பிடிச்சதில்லை. அந்த நிமிஷம் நடக்கிறதை அந்த நிமிஷமே பார்க்கலாம்," என்றார்.

அந்த நிமிஷம் நடக்கிறதை அந்த நிமிஷமே! திம்மராயனுக்குப் பொறி தட்டிவிட்டது. அதற்குப் படம் எதற்கு, மெஷின் எதற்கு? நாலு சட்டம் போதுமே! சட்டத்துக்கு இந்தப் பக்கம் ஜனங்கள், அந்தப் பக்கம் ரோடு. ரோட்டில் நிஜக் கார் வரும். இதைவிட நல்ல டெலிவிஷன் டெல்லியில்கூட இருக்காது என்று அவர் அடித்துச் சொன்னார். ஆபீசரும் தலையை ஆட்டி, காரோடு வருவதாக நாள் குறித்துக்கொடுத்துவிட்டுப் போனார்.

மாங்காய் மண்டி பஷீர் அஹமதுவிடம் போய் நின்றார் திம்மராயன். சீசன் முடிந்து மரப்பெட்டிகள் சும்மா அடுக்கிக் கிடந்தன.

"எதுக்குய்யா பஞ்சரு இத்தனை பலகை?"

"டெலிவிஷன் செய்யறேன் பாய்."

பஷீர் ஒரு நிமிஷம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "செய், செய். மிச்சம் இருந்தா அப்படியே ஒரு ஏரோப்ளேனும் செஞ்சுடு," என்றார். ஆனாலும் பலகையைக் கொடுத்தார். மனுஷன் அப்படித்தான், வாய் கொஞ்சம் தாராளம், கை அதைவிடத் தாராளம்.

இடம் தேடுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. கடைசியில் சூளகிரிக்கு இந்தப் பக்கம், மேலுமலை ஏற்றத்தில், முனியப்பன் கோயிலுக்கு நேர் எதிரே இடம் அமைந்தது. கோயில் என்றால் கோபுரமெல்லாம் கிடையாது. ஒரு கல், ஒரு வேல், ஒரு வேப்பமரம். ரோட்டுக்கு எதிர்ப்புறம் ஜனங்கள் உட்கார வாகான மேடு. அங்கே இரண்டு கம்பம் நட்டு, ஒரு லாரி நுழைகிற அகலத்துக்குச் சட்டம் அடித்து, கறுப்புச் சாயம் பூசினார். திருகுக்கு மங்கம்மாவின் ஊறுகாய் ஜாடி மூடிகள் இரண்டு போயின. திரைக்கு அவளுடைய நீலப்புடவை போயிற்று.

"நாளைக்குத் தாலியையும் கேப்பீங்களா?" என்றாள் மங்கம்மா.

"திரையை இழுக்கிற வேலை உனக்குத்தான். நான் 'திற'ன்னா திறக்கணும், 'மூடு'ன்னா மூடணும்."

"அட, எனக்கும் டெலிவிஷன்ல உத்தியோகமா!"

குறித்த நாள் சூளகிரிச் சந்தை நாள். திம்மராயன் சந்தையில் தமுக்கடித்துவிட்டிருந்தார். தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் சொன்னதால் மூன்று பாஷைக்காரர்களும் கூடைமுறத்தோடு மேட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பஷீரும் வந்து முன்னால் இடம் பிடித்துக்கொண்டார். காரும் வந்தது. பளபளவென்று சிவப்பு நிறம். நாற்காலியில் உட்கார்ந்த ஆபீசர், "இன்னிக்கு சாயங்காலம் முதலாளிக்கு டிரங்க் கால் போட்டு முடிவைச் சொல்லியாகணும்," என்று திம்மராயனைப் பார்த்தார். 

கார் ஓட்ட அவர் பிடித்த ஆள் சென்னப்பன். வயசில் மூத்தவர், இருபது வருஷமாக இதே ரோட்டில் லாரி ஓட்டுகிறவர், நல்ல கைத்திடம்.

"அண்ணே, மொதல்ல மேலயிருந்து எறக்கத்துல வாங்க. விட்டு அடிங்க. கார் கண் மூடித் திறக்கறதுக்குள்ள போகணும்," என்றார் திம்மராயன்.

மங்கம்மா ஜாடி மூடியைத் திருகினாள். புடவை விலகியது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சட்டத்தைப் பார்த்தார்கள். மேலே ஹாரன் சத்தம் கேட்டது. விர்ரென்று ஏதோ போயிற்று. அப்புறம் சட்டம் நிறையச் செம்மண் தூசி.

மூன்று பாஷையிலும் ஒரே பேச்சுத்தான், ஒன்றும் தெரியவில்லை என்று.

"என்னய்யா வந்துச்சு?"

"காத்து."

"டெலிவிஷன்னா தூசி காட்டறதா? அது எங்க வீட்டுலயே இருக்கே!" என்றாள் கூடைக்காரி ஒருத்தி. மேடே சிரித்தது. பஷீர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். ஆபீசர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். பாவம் திம்மராயன், அவர் முகத்திலும் தூசி, மனசிலும் தூசி. "கண் மூடித் திறக்கறதுக்குள்ள"ன்னு சொன்னது யார்? அவர்தானே!

கீழே ஓடினார். "அண்ணே, இப்ப ஏத்தத்துல வாங்க. அதே வேகம் வேணாம், கொஞ்சம் கண்ணுல படற மாதிரி, ஆனா ஜம்முனு ஏறிப் போயிடணும். நிக்காதீங்க!"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன் தம்பி," என்றார் சென்னப்பன்.

அங்கேதான் திம்மராயன் கோட்டை விட்டார். சட்டத்துக்கு அளவு எடுத்தார், புடவைக்கு அளவு எடுத்தார், சென்னப்பனுக்கு அளவு எடுக்கவில்லை. அந்த ரோட்டில் ஒரு வழக்கம் உண்டு. மேலுமலை இறங்குகிற வண்டி ஹாரன் அடித்து முனியப்பனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகலாம். ஏறுகிற வண்டி நின்றே ஆகவேண்டும். நின்று, சூடம் கொளுத்தி, வண்டிக்குத் தண்ணீர் காட்டி, அப்புறம்தான் ஏறும். நிற்கிறதும் சும்மா நிற்கிறதா? கிளீனர் குதித்து ஓடி வந்து பின்சக்கரத்துக்குக் கட்டை போடவேண்டும். அந்த ஏற்றத்தில் எந்த வண்டிக்கும் கைபிரேக் பிடிக்காது; கட்டை போடாவிட்டால் வண்டி பின்னாலேயே உருண்டு பள்ளத்தில் போய் விழும். போன சீசனில் பஷீரின் மாங்காய் லாரி அப்படித்தான் விழுந்தது. கட்டை வைக்க ஒரு நொடி தாமதம், அவ்வளவுதான். டிரைவர் பிழைத்தது முனியப்பன் புண்ணியம்.

"திற!"

மங்கம்மா திறந்தாள். சிவப்புக் கார் சட்டத்துக்குள் நுழைந்தது, அழகாக, ஒரு இரைச்சல் இல்லாமல். "ஆஹா," என்றார் ஆபீசர். சட்டத்துக்கு நட்ட நடுவில் வந்ததும் கார் நின்றது.

சென்னப்பன் இருபது வருஷப் பழக்கத்தில் தலையை வெளியே நீட்டி, "கட்டை போடுடா!" என்று கத்தினார். போட ஆள் யார் இருக்கிறார்கள்? கைபிரேக்கை இழுத்துவிட்டு, கதவைத் திறந்து இறங்கி, மடியிலிருந்து சூடத்தை எடுத்துக்கொண்டு அவர் பாட்டுக்கு முனியப்பனிடம் போய்விட்டார்.

"மூடு! மங்கம்மா, மூடு!" என்று அலறினார் திம்மராயன். புது வேகக் கார், சாமிக்கு முன்னால் ரிப்பேரான லாரி மாதிரி நிற்கிறது! இதைப் பார்த்துவிட்டு எந்த ஆபீசர் ஏஜென்சி கொடுப்பார்? போச்சு, எல்லாம் போச்சு. சேலத்துக்காரர் பெயருக்கு முன்னால் ஏஜெண்ட், தன் பெயருக்கு முன்னால் சாகிற வரைக்கும் பஞ்சர். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

மங்கம்மா மூடவில்லை. புடவையை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு காரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூடுன்னு சொல்றேன்ல!"

"மூட மாட்டேன். சும்மா இருங்க. பாருங்க அங்க!"

மேட்டில் ஓரமாக உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து தள்ளி ஓடினார்கள். எல்லாக் கண்ணும் காரின் பின்சக்கரத்தில் இருந்தது. கட்டை இல்லை. டிரைவரும் இல்லை. மேலுமலை ஏற்றம். இதோ உருளப் போகிறது, இதோ, இதோ...

"யா அல்லா!" என்று பஷீர் பாய்ந்தார். ரோட்டோரம் கிடந்த பெரிய கல்லைத் தூக்கிக்கொண்டு சக்கரத்தைப் பார்த்து ஓடினார். பாதியில் அவர் கால் நின்றுவிட்டது. கார் அசையவில்லை. ஒரு விரற்கடைகூட அசையவில்லை. முனியப்பன் முன்னால் சூடம் எரிந்துகொண்டிருந்தது, சென்னப்பன் நிதானமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார், கருடா வைத்த இடத்தில் நின்றது. கல்லைத் தூக்கிய கையோடு பஷீர் சட்டத்துக்கு நடுவில் அப்படியே நின்றார்.

"கட்டை இல்லாம நிக்குதுய்யா," என்றார் பஷீர். மெதுவாகத்தான் சொன்னார். மேடு முழுவதும் கேட்டது.

அப்புறம் எழுந்ததே ஒரு கூச்சல்! ஜனங்கள் சட்டத்துக்குள்ளேயே பாய்ந்து ஓடினார்கள். குனிந்து சக்கரத்துக்கு அடியில் பார்த்தார்கள், யாராவது ஒளித்துக் கல் வைத்திருக்கிறார்களா என்று. இரண்டு பேர் முன்னாலிருந்து தள்ளியும் பார்த்தார்கள். கார் நகர்ந்தால்தானே! பஷீர் கல்லைப் போட்டுவிட்டுக் கதவைத் தடவிக்கொண்டே, "இதுல ஒண்ணு எனக்கு," என்றார். சூளகிரிக்காரர் ஒருவர் கன்னடத்தில் தனக்கும் ஒன்று என்றார்.

ஆபீசர் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "நான் வேகத்துக்கு விளம்பரம் கேட்டேன், நீங்க நிக்கறதைக் காட்டிட்டீங்களே," என்றார் திம்மராயனிடம்.

திம்மராயன் 'அது நானில்லைங்க, சென்னப்பண்ணன் செஞ்ச கூத்து' என்று உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். மங்கம்மா முந்திக்கொண்டாள்.

"சார், வேகமாப் போறதை எங்க ஊர்ல தெனமும் பாக்கறோம்ங்க. ஒரு வண்டி கட்டை இல்லாம இந்த ஏத்தத்துல பத்திரமா நிக்கறதைத்தான் நாங்க பாத்ததில்லை. அதைக் காட்டத்தான் இவரு இந்த எடத்தைத் தேடிப் பிடிச்சாரு."

சொல்லிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல் புடவையை மடிக்க ஆரம்பித்தாள். திம்மராயன் வாயை மூடிக்கொண்டார். அவருக்கு அன்றைக்கு வந்த புத்தி அது ஒன்றுதான்.

சாயங்காலம் டிரங்க் கால் போயிற்று. கருடாவுக்கு டெலிவிஷன் வந்தால், கல்லைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆள் ஓடி வந்து பாதியில் நிற்கிற மாதிரி விளம்பரம் வைக்கலாம் என்று முதலாளியே சொன்னாராம். சேலத்துக்காரரின் படங்கள் சேலத்திலேயே இருந்தன.

அடுத்த மாசம் கடைக்குப் புது போர்டு வந்தது. 'ஏஜெண்ட் திம்மராயன்', பச்சையில் எழுத்து, மஞ்சளில் ஓரம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார், இந்தப் பக்கம் வந்து பார்த்தார். போர்டு மாறினால் ஊர் மாறிவிடுமா? அதே நாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த பர்கூர்க்காரர் ஒருவர், போர்டுக்கு நேர் கீழே நின்றுகொண்டு, "இங்க பஞ்சர் திம்மராயன் கடை எதுங்க?" என்று கேட்டார்.

உள்ளே இருந்த திம்மராயனுக்கு முகம் தொங்கிவிட்டது. மங்கம்மா வெளியே வந்தாள்.

"அப்படி யாரும் இங்க இல்லைங்களே," என்றாள் நிஜமாகவே யோசிக்கிற முகத்தோடு. "ஏஜெண்ட் ஒருத்தர் இருக்காரு. கூப்பிடட்டுமா?"

வந்தவர் திருதிருவென்று முழித்து, "சரி, அவரையே கூப்பிடும்மா," என்றார்.

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். கேலி இல்லாமல் அவரை அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "ஏஜெண்டு, உங்களைத் தேடி ஆள் வந்திருக்கு."

திம்மராயன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பசை டப்பாவையும் பம்பையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.