முன்பல் விழாத பிரதி

1

இந்தக் கதை பிறந்தது என் வாய்க்குள். நான் அதிகம் பேசாதவன். ஒரு புத்தகத்தோடு மூலையில் இருக்க விட்டால் போதும் என்பவன். மன்னார் நகரத்துப் பல் சிகிச்சை நிலையம் ஒன்றில் என் முரசுக்குள், அதாவது பல்லைப் பிடித்திருக்கும் சதைக்குள், ஒரு மருந்தை வைத்துவிட்டு, டொக்டர் நிவேதிகா சொன்னார்: "ஒரு மணித்தியாலத்துக்கு வாய் திறக்கக்கூடாது. கதைக்கவும் கூடாது." யாராவது எழுதித் தரமாட்டார்களா என்று பல வருடங்களாக நான் காத்திருந்த மருந்து அதுதான்.

எதிர்க் கதிரையில் அதே கட்டளையோடு இன்னொருவர் இருந்தார். ஓலைத்தொடுவாயில் என் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கும் சிங்கராசா. கடற்றொழிலாளி, எங்கள் மாதா கோயில் பாண்ட் குழுவின் ஒரே ட்ரம்பெற்காரர். பதினொரு வருடங்கள் தலையசைத்திருக்கிறோம், கதைத்ததில்லை. அன்றும் கதைக்கவில்லை. அதனால்தான் சிநேகிதரானோம்.

2

நான் எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

"மன்னார்க் கடலின் மேல் அன்று சூரியன்…" (அந்த அறையில் யன்னலே இல்லை.)

"நனோமீற்றர் என்பது ஒரு மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு. அதாவது…" (நீங்கள் பக்கத்தைப் புரட்டும் சத்தம் கேட்கிறது.)

உண்மையான தொடக்கத்தை எழுதியவர் சிங்கராசா. என் புத்தகத்தின் கடைசி வெற்றுத்தாளைக் காட்டிப் பேனைக்குக் கை நீட்டினார். "உங்களுக்கு எந்தப் பல்?" என்று எழுதினார். நான் கடைவாயைத் தொட்டேன். அவர் தன் மேல் முன்பல்லைத் தொட்டார். அது ஆடியது.

"திருநாளுக்கு ஆறு கிழமை இருக்கு. இது விழுந்தால் ட்ரம்பெற் இல்லை."

[அடிக்குறிப்பாக இருக்க வேண்டியது: ட்ரம்பெற்றின் வாயை உதட்டில் அழுத்தும்போது உதட்டுக்குப் பின்னால் சுவராக நிற்பவை முன்பற்கள். சுவர் போனால் சுரமும் போய்விடும். இதையும் அவரே படம் கீறி விளக்கினார்.]

3

மருந்து ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்குரியது. நாங்கள் இருவரும் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வைத்தவர்கள். முரசு கரைந்தால் பல்லுக்கும் முரசுக்கும் நடுவே ஒரு பை உண்டாகிறது. பிரஷ் எட்டாத அந்த ஆழத்தில் கிருமிகள் குடியிருக்கின்றன. டொக்டர் முதலில் அதைச் சுரண்டித் துப்பரவாக்கினார். பிறகு ஜெல்லை உள்ளே விட்டார். ஜெல்லில் உள்ள துகள்களில் ஐந்நூறை ஒரு தலைமயிரின் அகலத்தில் வரிசையாக நிறுத்தலாமாம். மருந்தைச் சுமந்துபோய்ப் பையின் அடியில் ஒட்டிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அவற்றின் வேலை. நண்டுக் கோதிலிருந்து எடுத்தவை என்றும் சொன்னார்.

சிங்கராசா பேனையைப் பறித்தார்.

"நண்டா? பிடிச்சால் விடாது."

வாயை மூடிக்கொண்டே இருவரும் சிரித்தோம். கதிரைகள் கிறீச்சிட்டன. தாதி வந்து எட்டிப் பார்த்தார்.

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவ்வளவு சந்தோசமான மனிதரை வைத்து ஒரு கதையை நடத்த முடியுமா?

நாலாம் நாள் அவரே உதவினார். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர், முடிச்சுப் போட்டதும் நைலோன் நூலை முன்பல்லால் கடித்து அறுத்துவிட்டார். முப்பது வருடப் பழக்கம். கடித்த பிறகுதான் எந்தப் பல் என்று ஞாபகம் வந்தது.

என் முதல் பிரதியில் பல் அங்கேயே விழுந்தது. வலையில் ஒரு துளி இரத்தம், தூரத்தில் அலை… நான் அதை நல்ல பந்தி என்று நினைத்தேன். அவர் மனைவி கிறேஸ் வாசித்துவிட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, இந்த மனிசன்ர பல்லை ஏன் விழுத்தினீங்கள்?"

"கதைக்கு அது நல்லம் அக்கா."

"அப்ப உங்கட பல்லை விழுத்துங்கோவன். அதுவும் கதைக்கு நல்லம்தானே."

"விடு கிறேஸ்," என்றார் பின்னால் நின்ற சிங்கராசா. "அவர் பாவம். சோகமாப் படிச்சே பழகின ஆள்."

உண்மையில் நடந்தது: பல் விழவில்லை. அடுத்த பஸ்ஸில் ஓடிப்போய் டொக்டரிடம் பேச்சு வாங்கினார். கிறேஸ் ஒரு நகவெட்டியை நூலில் கோத்து அவர் கழுத்தில், மாதா உத்தரியத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். "மாதா பல்லைப் பாத்துக்கொள்ளுவா. நூலை இது பாத்துக்கொள்ளும்."

5

நேற்றுக் கடைசிப் பரிசோதனை. சிங்கராசாவின் முன்பல்லில் ஏழு மில்லிமீற்றர் ஆழமாக இருந்த பை நாலாகியிருந்தது.

"கரைஞ்ச எலும்பு திரும்பி வந்திட்டுது எண்டு நினைக்காதேங்கோ ஐயா. ஆனா முரசு இறுகியிருக்கு, ஆட்டமும் குறைஞ்சிருக்கு," என்றார் டொக்டர்.

"ஊதலாமோ?"

"ஊதிப் பாருங்கோ. நெரிச்சு ஊதாதேங்கோ."

"விழாதுதானே?"

"அப்பிடி நான் எழுதித்தர ஏலாது."

சிங்கராசா என் பக்கம் திரும்பினார். "நீங்கள் எழுதித் தருவீங்களோ?"

6

இரவல் தைரியத்தில் மூன்று முடிவுகள் எழுதிக் கொடுத்தேன். ஒன்றில் அவர் பிசகாமல் ஊதினார். ஒன்றில் பல் சுரத்தோடு சேர்ந்து பறந்தது. ஊரே சிரித்தது, அவரும் சிரித்தார். மூன்றாவதில் மழை வந்து எல்லாவற்றையும் தள்ளிப்போட்டது (கோழைத்தனம், ஒப்புக்கொள்கிறேன்).

வாசித்து முடித்துத் தாளை நாலாக மடித்துத் தந்தார்.

"மூண்டும் வேண்டாம் தம்பி. நான் ஊதேக்க நீங்கள் பேனை இல்லாமல் வந்து நில்லுங்கோ. அது காணும்."

7

ஆகவே இந்தப் பகுதியைத் திருநாளுக்கு முதல்நாள் பின்னேரமே எழுதிவிடுகிறேன். நாளை பேனை வீட்டில் இருக்கும்.

காலையில் மாதா சுரூபம் கோயில் வாசலுக்கு வரும். கிறேஸ் நகவெட்டியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். மேளக்காரர்கள் கோலை உயர்த்தியபடி காத்திருப்பார்கள். சிங்கராசா ட்ரம்பெற்றைத் தூக்குவார். அப்போது ஒரு மௌனம் வரும். மௌனங்களில் எனக்கு நல்ல பழக்கம். எதையும் நான் கலைக்க விரும்பியதில்லை. இது ஒன்றுதான் கலைய வேண்டும்.

வாசிக்கும் நீங்களும் நாக்கை மேல் முன்பற்களின் பின்னால் வையுங்கள். சுரம் அங்கிருந்துதான் புறப்படும் என்று அவர் எனக்குப் படம் கீறிக் காட்டியிருக்கிறார். மூச்சை நன்றாக இழுங்கள்.

நெரிக்காமல் ஊதுங்கோ. நான் கொஞ்சம் தள்ளி நிற்கிறேன்.