இருபது நிமிடம் என்னிடம் இருந்த கார்

அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று கண்டுபிடித்தவர் அப்பாதான்.

முதலில் கண். இருட்டினால் ரோடு மங்கலாகத் தெரிகிறது என்றார். டாக்டர் பரிசோதித்துவிட்டு, பார்வையில் குறையே இல்லை என்றார். அப்பா வேறு டாக்டரிடம் போய்ப் பிடிவாதமாகக் கண்ணாடி வாங்கி வந்தார்.

அடுத்து காது. கார் ரேடியோவில் செய்தி வாசிப்பவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசினார். அப்பா டாக்டரிடம் போய்க் காதைக் கழுவிக்கொண்டு வந்தார். பிறகு கை. ஹாரனை எவ்வளவு அழுத்தினாலும் முனகல்தான் வந்தது. உள்ளங்கையில் தெம்பில்லை என்று ரப்பர் பந்து ஒன்றை வாங்கி, டிவி பார்க்கும்போதெல்லாம் பிசைந்தார்.

கடைசியில் வெள்ளிக்கிழமை காலை சாவியை என் கையில் வைத்தார். "இனிமே நீயே ஓட்டுடா. என்னை நம்பி ரோட்ல நாலு பேர் நடக்க முடியாது."

"சரிப்பா" என்றேன், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு. கல்லூரிக்குக் காரில் போய் இறங்குவதை மூன்று வருடமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்தவன் நான்.

இருபதாவது நிமிடம் சிக்னலில் இன்ஜின் நின்றது. சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்றது, அவ்வளவுதான். எதிரிலேயே ஒர்க்‌ஷாப். அப்பாவும் நானும் தள்ளினோம்.

மெக்கானிக் வேறொரு பேட்டரியிலிருந்து ஒயர் போட்டு ஸ்டார்ட் செய்தார். ஒயரைக் கழற்றிவிட்டு மீட்டரை வைத்துப் பார்த்தார்.

"ஓடுற வண்டியில பதினாலு வோல்ட் காட்டணும். பன்னெண்டுகூட இல்ல. டைனமோ கொஞ்சம் கொஞ்சமா போயிருக்கு சார். பேட்டரிக்கு சார்ஜ் சரியா ஏறல, இருந்ததை உறிஞ்சியே ஓடியிருக்கு. லைட் மங்கியிருக்குமே?"

அப்பா கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். "ஆமா."

"ரேடியோ இழுத்திருக்கும். ஹாரன் தொண்டை கட்டியிருக்கும்."

"அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"அது எனக்குத் தெரியாது சார். வண்டிக்கு இருக்கு." மெக்கானிக் உள்ளே எட்டிப் பார்த்தார். "டேஷ்போர்டுல சிவப்பு லைட் எரிஞ்சிருக்கணுமே. இதென்ன, ஆப்பிள் ஸ்டிக்கர்?"

"கண்ணு கூசுதுன்னு நான்தான் இவனை ஒட்டச் சொன்னேன்."

மெக்கானிக் அதை உரித்தார். உள்ளே பேட்டரி படம் சிவப்பாக எரிந்தது.

"ஒட்டும்போது தம்பி பாத்திருப்பாரே?"

பார்த்தேன்தான். படத்தில் ஒரு கூட்டல், ஒரு கழித்தல். எனக்குக் கணக்கு வராது.

அப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். இரண்டடி தள்ளி நின்ற மெக்கானிக்கின் விரலில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நிதானமாகப் படித்தார்.

"கழுவிச் சாப்பிடவும்னு போட்டிருக்கு. கீழ பொடி எழுத்துல தேதி. எல்லாம் தெரியுது." பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "சாவி."

கொடுத்தேன்.

சாயங்காலம் புது டைனமோவோடு கிளம்பியபோது தேவையே இல்லாமல் மூன்று முறை ஹாரன் அடித்தார். தெருவே திரும்பிப் பார்த்தது. நான் பின் சீட்டில் உட்கார்ந்து, அங்கே கிடந்த அவருடைய ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டிருந்தேன்.