கடதாசிக்கு ஒரு தோட்டா

சவப்பெட்டியின் மேல் கிடந்த ஊசியிலைக் கொப்பை மாமி எடுத்து, பூமாலை சுற்றிவந்த தாள்களோடு குப்பைக் கூடைக்குள் போட்டார்.

"ஆரோ கிறிஸ்மஸ் மரத்தை முறிச்சு வைச்சிருக்கினம்."

சயந்தினி பார்த்துக்கொண்டு நின்றாள். கொப்பை வைத்த லோரன்ஸும் பார்த்தார். கோல்டிங் நகரில் அம்மா போய்வந்த துப்பாக்கிக் கழகத்தின் தலைவர் அவர். பின்வரிசையில் நின்று தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தார்.

மாமி அப்பாவின் அக்கா. முதல்நாள்தான் லண்டனிலிருந்து வந்தவர். முழுச் சைவம். இலக்குப் பலகைக் கடதாசியில் சுட்டுத் தம்பி மனைவி புஷ்பராணி வாங்கிய பதக்கங்களின் படங்களைக் கோயில் ஆட்களுக்கெல்லாம் அனுப்பியவர். மான்களைப் பற்றி மட்டும் அவருக்குத் தெரியாது. அம்மா சொல்லட்டும் என்று அப்பாவும், அப்பா சொல்லட்டும் என்று அம்மாவும் இருந்துவிட்டார்கள்.

அப்பா நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். வேலைக்கு வெளிக்கிட்ட அம்மா, ஒரு சப்பாத்தைப் போட்டுவிட்டு வீட்டுக் கதவடியில் அப்படியே சாய்ந்தவள். மற்றச் சப்பாத்து இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

இனிப் பெட்டியை எடுத்துவிடுவார்கள். கொப்பில்லாமல் அம்மா போய்விடுவாள்.

நாலு பேர் முன்னால் வாய் திறக்கிற பிள்ளையில்லை சயந்தினி. கூடையடிக்குப் போய்க் குனிந்து கொப்பை எடுத்தாள்.

"அது குப்பை, பிள்ளை."

"இல்லை மாமி. அம்மாவின்ரை. இஞ்சை மானைச் சுட்டால் மரியாதைக்கு அதின்ரை மேலை கொப்பு வைப்பினம். வேட்டைக்காரர் செத்தாலும் வைப்பினம்."

"அவள் கடதாசியிலை எல்லோ சுட்டவள்?"

"மானும் சுட்டவா."

மாமியின் கை கழுத்துச் சங்கிலிக்குப் போனது. அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மாட்டை ரெண்டு விதத் தோட்டா இருந்தது, மாமி. நான்தான் கடதாசியிலை ஓட்டையளை அளந்தனான். போட்டித் தோட்டா எண்டால் அஞ்சு வெடியும் ஒரு குரோனர் காசுக்குள்ளை அடங்கும். வேட்டைத் தோட்டா தேத்தண்ணிக் கோப்பை வாயளவுக்குப் பரவும். 'ராணி, கண்ணாடியை மாத்து' எண்டு கழகத்திலை பகிடி பண்ணுவினம்."

"பிறகேன் அதாலை சுட்டவள்?"

"போட்டித் தோட்டா மானுக்குள்ளை போய் என்ன செய்யும் எண்டு சொல்லேலாது. அப்பிடியே துளைச்சுக்கொண்டு போனால் மான் காயத்தோடை ஓடும். மற்றது உள்ளை போன உடனை விரியும்." அவள் கொப்பை மற்றக் கைக்கு மாற்றினாள். "கடதாசிக்கு நோகாது எண்டு அம்மா சொல்லுவா. வேட்டையிலை நல்லாக் கிட்டப் போய்த்தான் சுடுவா. கிட்டப் போகேலாட்டி வெறுங்கையோடை வருவா."

"காயப்பட்டு ஓடின மானைத் தேட நாய் கூப்பிடுறவை, அக்கா," என்றார் அப்பா. பிள்ளையின் பரீட்சை முடிவைச் சொல்கிற குரல். "கழகத்திலை கூப்பிடாத ஆள் இல்லை. இவள் ஒருநாளும் கூப்பிடேல்லை."

மாமி பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"துடிக்கேல்லையோ?"

"இல்லை, மாமி."

மாமி கையை நீட்டிக் கொப்பை வாங்கினார். பெட்டியில் கிடந்த மாலையைக் கொஞ்சம் ஒதுக்கி, நடுவில் வைத்தார். பின்வரிசையில் தொப்பி சுழலாமல் நின்றது.

கூடைக்குள் கிடந்தபோது கொப்பின் ஊசியிலைகளில் மல்லிகை இதழ்கள் சிக்கியிருந்தன. மாமி அவற்றைத் தட்டிவிடவில்லை.